பஞ்சாயத்து ஃபைபர் வந்தபின் மலையோர ரேடியோ இணைப்புகள் என்ன ஆகும்? (தருமபுரி, கிருஷ்ணகிரி ஆபரேட்டர்கள், வாடிக்கையாளர்கள் எல்லாரும் பேசலாம்)

பாலக்கோடு டவர் | ஞாயிறு, இரவு 9.40

போன வாரம் ஒரே நாளில் மூன்று வீடுகளில் நான் இணையத்துக்கு வைத்திருந்த டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு வந்தேன். மூன்றும் ஒரே தெரு. "அண்ணா, ஊருக்குள்ள ஃபைபர் வந்துருச்சு, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினான் அந்த வீட்டுத் தம்பி. அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் மாறியிருப்பேன். வண்டியில் திரும்பும்போது மீதி இருக்கும் 337 வீடுகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். எந்த வீட்டுக்கு அந்த ஃபைபர் வரும், எந்த வீட்டுக்கு வரவே வராது என்று. அந்தக் கணக்கைப் பேசத்தான் இந்த விவாத இழை.

பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் 2014-லிருந்து வயர்லெஸ் இணையம் கொடுக்கிறேன். சி வகை லைசென்ஸ், அதாவது சின்னப் பகுதிக்கு மட்டும் இணையம் கொடுக்கும் அனுமதி. மூன்று டவர். டவர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்: பாறைமேல் நட்ட ஜிஐ பைப், நாலு பக்கம் ஸ்டே கம்பி, ஒரு சோலார் பலகை, இரண்டு பேட்டரி, ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு அலை அனுப்பும் மூன்று செக்டர் ரேடியோ. தருமபுரியிலிருந்து லீஸ் லைன் (மொத்தமாக வாடகைக்கு வாங்கும் இணைய லைன்) எடுத்து, அங்கிருந்து மலைக்கு மலை தாவி, மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் வீடுகளுக்குப் போகிறது. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனியாக ஸ்பெக்ட்ரம் (அலைவரிசை உரிமை) வாங்க வேண்டியதில்லை. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அது வந்திராவிட்டால் என்னைப் போன்ற ஆள் இந்தத் தொழிலில் நின்றிருக்கவே முடியாது.

ஒரு வீட்டுக்கு ரேடியோ, பைப், வயர், வேலை எல்லாம் சேர்த்து எனக்கு ஆறாயிரம் ரூபாய் வரை ஆகும். அதில் பாதியைத்தான் வாடிக்கையாளரிடம் கேட்க முடிகிறது. மீதி மாத வசூலில் வரவேண்டும். வருவதற்கு ஒரு வருடம் ஆகும். அதற்குள் தோப்பில் மரம் வளர்ந்து மறைத்துவிட்டால் பைப்பை உயர்த்த வேண்டும். கோடை மழையில் இடி விழுந்தால் போர்ட் போய்விடும்.

இப்போது மத்திய அரசின் பாரத்நெட் ஃபைபர் திட்டம், தமிழ்நாட்டில் அதை நடத்தும் மாநில அரசின் டான்ஃபிநெட் மூலம் பஞ்சாயத்து அலுவலகம் வரை வருகிறது. தமிழ்நாட்டில் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளையும் இணைக்கும் திட்டம், சுமார் 1,815 கோடி ரூபாய். ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் குறைந்தது 1 ஜிபிபிஎஸ் வேகம், அதாவது 1,000 எம்பிபிஎஸ். எனக்குத் தருமபுரியிலிருந்து வரும் மொத்த லைனைவிட அது அதிகம். அதன்மேல் பெரிய கம்பெனிகள் தங்கள் வீட்டு வயர்லெஸ் பெட்டியுடன் ஓசூரிலிருந்து தெற்கே இறங்கிவருகின்றன.

என் கேள்வி ஒன்றுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் எந்த இடத்தில் நிற்பது? யாராவது இதைத் தாண்டி வந்திருந்தால் சொல்லுங்கள்.

ஓசூர் வாசி | ஞாயிறு, இரவு 10.15

ஒரு வாடிக்கையாளராகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் லேஅவுட்டில் முன்பு ஒரு சின்ன ஆபரேட்டர்தான். மழை வந்தால் நெட் போகும், போன் செய்தால் எடுக்க மாட்டார். இன்று அதே பணத்துக்கு மூன்று மடங்கு வேகம் வருகிறது. மக்கள் வரிப்பணத்தில் நல்ல சேவை ஊருக்குப் போனால் போகட்டுமே. சின்ன ஆபரேட்டரைக் காப்பாற்ற ஊரே மெதுவான நெட்டில் இருக்க வேண்டுமா?

ஊத்தங்கரை கேபிள் | ஞாயிறு, இரவு 10.32

பாலக்கோடு, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு 2011 செப்டம்பர்தான் ஞாபகம் வந்தது. அரசு கேபிள் டிவி மறுபடி தொடங்கி, மாதம் 70 ரூபாய் என்று அறிவித்த நாள். அன்று எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் தொழில் முடிந்தது என்றார்கள். நான் அப்போது 600 வீட்டுக்கு 130 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன்.

தொழில் முடியவில்லை. ஏன் என்று யோசித்தால் காரணம் ஒன்றுதான். அரசு சிக்னலைத் தன் கையில் வைத்துக்கொண்டது, வீட்டு வயரை எங்கள் கையில் விட்டது. வசூல் நான், ரிப்பேர் நான், திட்டு வாங்குவதும் நான். 70-ல் ஒரு பங்கு அவர்களுக்கு, மீதி எனக்கு. வருமானம் குறைந்தது உண்மை. ஆனால் வாடிக்கையாளர் என் வாடிக்கையாளராகவே இருந்தார். பிறகு அதே வயர் போன கம்பத்தில் ஃபைபர் இழுத்தேன், இன்று 280 வீட்டுக்கு இணையம் ஓடுகிறது.

ஆக, நீங்கள் பார்க்கவேண்டியது ஃபைபர் வருகிறதா என்பதை இல்லை. கடைசி வயர் யார் கையில் என்பதைத்தான்.

மலைக்காற்று | திங்கள், காலை 6.50

அஞ்செட்டி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஓசூர்க்காரருக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊருக்கு மூன்று கம்பெனி போட்டி போட்டு வரும். எங்கள் குக்கிராமத்துக்கு ஒன்றுகூட வராது.

2020-ல் பள்ளி மூடியிருந்தபோது எங்கள் பிள்ளைகள் காலையில் சாப்பிட்டுவிட்டு ஒரு பாறைமேல் போய் உட்காருவார்கள். அங்கேதான் இரண்டு கோடு சிக்னல். யானை நடமாட்டம் உள்ள இடம், அதனால் பெரியவர்கள் இரண்டு பேர் முறைவைத்துக் கூட இருப்பார்கள். அடுத்த வருடம் தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி வந்து, பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஒரு டிஷ் வைத்தார். இன்றுவரை அந்த டிஷ்தான். வேகம் 15 எம்பிபிஎஸ். வகுப்பில் வீடியோ காட்ட அது போதும், வருகைப் பதிவு போட அது போதும்.

எங்கள் பஞ்சாயத்து அலுவலகத்திலும் அந்த ஃபைபருக்கு ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். அலுவலகம் திறந்தால் கரன்ட் வரும், பெட்டி எரியும். பூட்டிவிட்டால் அணைந்துவிடும். அங்கிருந்து பள்ளிக்கு நாலு கிலோமீட்டர், நடுவில் ஒரு ஓடை, ஒரு காடு. பெட்டியில் ஒரு ஜிபிபிஎஸ் இருந்து எங்களுக்கு என்ன?

ஓசூர் வாசி | திங்கள், காலை 8.05

டீச்சர், நீங்கள் சொல்லும் நிலைமை எனக்குத் தெரியாது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

பாலக்கோடு டவர் | திங்கள், மதியம் 1.20

ஓசூர் சார் கேட்டது நியாயமான கேள்வி, முதலில் அதற்குப் பதில். ஃபைபர் வந்த தெருவில் ரேடியோவை வைத்துக்கொண்டு போராடுவது தப்பு. காற்றில் போகும் அலையை எல்லா வீடும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு செக்டரில் 40 வீடு ஏறிவிட்டால் இரவு எட்டு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வீடியோ பார்ப்பார்கள், வேகம் படுத்துவிடும். ஃபைபரில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஊர் நடுவில் இருக்கும் 120 வீடு எப்படியும் ஃபைபருக்குத்தான் போகவேண்டும், போகட்டும்.

மீதி 217 வீடு எங்கே இருக்கிறது தெரியுமா? தோப்புக்கு ஒரு வீடு, மேட்டுக்கு ஒரு வீடு. தக்காளி மண்டிக்கு அனுப்புகிறவர்கள், பால் சொசைட்டி, இரண்டு மாங்கூழ் ஆலைகளின் எடைமேடை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் அரை கிலோமீட்டர். இங்கே ஃபைபர் இழுத்தால் ஒரு வீட்டுக்கு எத்தனை கம்பம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தோண்டலாம் என்றால் நம் மாவட்டத்தில் ஒரு அடி மண், அதற்குக் கீழே கருங்கல். பஞ்சாயத்து வரை வரும் ஃபைபரையே பெரும்பாலும் மின்கம்பத்தில்தான் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

ஆகவே இந்த 217 வீட்டுக்கு ரேடியோதான் சரியான கருவி. ஆனால் ஊர் நடு 120 வீட்டின் வசூலில்தான் நான் இந்த 217-ஐ ஓட்டிக்கொண்டிருந்தேன். டீசல், பேட்டரி, ஏணி ஏறும் பையனுக்குச் சம்பளம் எல்லாம் அங்கிருந்து வந்தது. மானியம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் லாபமான 120-ஐ எடுத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். பிறகு 217 வீட்டுக்கு நானும் இருக்க மாட்டேன், அவர்களும் வர மாட்டார்கள். எனக்குப் பயம் அதுதான். இதைத்தான் நேற்றிலிருந்து சரியாகச் சொல்ல வராமல் தடுமாறினேன்.

இன்னொன்று மனதில் நெடுநாளாக இருக்கிறது. லைசென்ஸ் விதிப்படி சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் (சில கழிவுகள் போக மீதி வசூலில்) 8 சதவீதம் கட்டணம். அந்த எட்டில் ஐந்து, கிராமத் தொலைத்தொடர்புக்கான நிதிக்குப் போகிறது. முன்பு யுஎஸ்ஓ நிதி என்றார்கள், இப்போது பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. பாரத்நெட்டுக்குப் பணம் வருவது அதிலிருந்துதான். தோப்பு வீட்டுக்காரர் எனக்குக் கொடுக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் அந்த நிதிக்குப் பங்கு இருக்கிறது. கட்டுவதில் எனக்குக் குறை இல்லை, கிராமத்துக்குத்தானே போகிறது. ஆனால் அந்தப் பணம் வரும்போது என்னைத் தள்ளிவிட்டுத்தான் வரவேண்டுமா?

அரூர் பையன் (இப்போது பெங்களூரு) | திங்கள், இரவு 11.10

அண்ணா, ஒரு பெரிய நெட்வொர்க் கம்பெனியில் வேலை, அதனால் பெயர் வேண்டாம். எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பாரத்நெட் கதை. 2011-ல் வேறு பெயரில் ஒப்புதல் ஆனது, 2015-ல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. முதல் நோக்கம் பஞ்சாயத்து வரை ஃபைபர், அதற்குமேல் யார் வேண்டுமானாலும் வாங்கி விற்கலாம் என்பது. ஆனால் ஃபைபர் போய்ச் சேர்ந்த பல இடங்களில் வாங்க ஆள் இல்லை, பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. டீச்சர் சொன்ன பூட்டிய அலுவலகம்தான். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம் வந்தது. இப்போது பஞ்சாயத்தோடு நிற்கவில்லை, ஐந்து வருடத்தில் 1.5 கோடி கிராமத்து வீடுகளுக்கு நேராக இணைப்பு என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு உள்ளூர் ஆட்களை 'உத்யமி' (தொழில்முனைவோர்) என்று சேர்க்கிறார்கள், வருவாயில் பாதிப் பங்கு, பிளான் மாதம் 399 ரூபாயிலிருந்து என்று அப்போது செய்தி வந்தது. ஊத்தங்கரை அண்ணன் சொன்ன அரசு கேபிள் முறை மாதிரிதான் தோன்றும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: உங்கள் ரேடியோ வாடிக்கையாளருக்கு அந்த ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் வரி வரியாகப் படியுங்கள்.

அடுத்தது பெரிய கம்பெனிகள். ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும் ஜியோ செப்டம்பரிலும் வீட்டு வயர்லெஸைத் தொடங்கின. எல்லாம் 5ஜி ஸ்பெக்ட்ரத்தில்தான் ஓடுகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஜியோ அதோடு, நீங்கள் பயன்படுத்தும் அதே லைசென்ஸ் இல்லாத 5 கிகாஹெர்ட்ஸிலும் வீடுகளுக்குக் கொடுக்கிறது. யுபிஆர் என்று பெயர். நம் ஆட்கள் பலர் பயன்படுத்தும் மிமோசா ரேடியோ கம்பெனியை அந்தக் குழுமத்தைச் சேர்ந்த ராடிசிஸ் 2023-ல் வாங்கிவிட்டது. அலைவரிசை எல்லாருக்கும் பொது, அதனால் சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் உங்கள் பாறைக்கு எதிரில் இன்னொரு டவரில் அதே சேனல் வந்தால் நீங்கள் எங்கும் போய் முறையிட முடியாது. உரிமை இல்லாத அலைக்குப் பாதுகாப்பும் இல்லை. இப்போதே உங்கள் மூன்று டவரிலும், எந்தச் சேனலில் எவ்வளவு நெரிசல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் ஸ்கேன் எடுத்துச் சேமித்து வையுங்கள். சேனலை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குக் குறைக்கத் தயாராக இருங்கள், மலைக்கு மலை இணைப்பை மட்டும் பெரிய டிஷ்ஷுக்கு மாற்றுங்கள், கற்றை குறுகினால் குறுக்கீடும் குறையும்.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்தது. அங்கே 2021 சட்டப்படி கிராமப்புற இணையத்துக்கு 4,245 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2022-ல் வந்த விதியில், லைசென்ஸ் இல்லாத அலைவரிசையில் மட்டும் ஓடும் சேவையை நம்பகமான சேவையாகக் கணக்கில் எடுக்கவில்லை. அதாவது ஒரு சின்ன ஆபரேட்டர் பல வருடமாகச் சேவை கொடுத்த பண்ணை வீடுகளும் 'சேவை இல்லாத வீடு' என்று பதிவாகி, அங்கே மானியத்தோடு இன்னொருவர் வரலாம். அந்தச் சின்ன ஆபரேட்டர்கள் விடாமல் முறையிட்டார்கள். 2025 ஜூனில் விதியை மாற்றி அவர்களையும் சேர்த்தார்கள். கணக்கெடுப்பில் நம் பெயர் இருக்கிறதா என்பதுதான் அங்கேயும் பெரிய விஷயமாக இருந்தது.

பாலக்கோடு டவர் | செவ்வாய், காலை 7.30

தம்பி, இந்தக் கடைசி விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. நம் மாவட்டத்தில் எந்தக் குக்கிராமத்துக்கு எந்த வழியில் இணையம் போகிறது என்று யாரும் என்னை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கோட்டை மேட்டான் | செவ்வாய், காலை 9.00

கிருஷ்ணகிரி. நான் போன வருடம் கடையை மூடிவிட்டேன். 190 இணைப்பு. ஒரு பெரிய கம்பெனி ஆட்கள் வந்து, மூன்று மாதம் இலவசம், பெட்டி இலவசம் என்று கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் 140 போய்விட்டது. ரேடியோக்களைக் கிலோ கணக்கில் விற்றேன். அதில் ஒரு பெரிய தப்பு என்னுடையது, ஊர் நடுவையே நம்பி இருந்தேன். வெளி வீடுகளை 'சிரமம்' என்று விட்டுவிட்டேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

ஊத்தங்கரை கேபிள் | செவ்வாய், காலை 9.25

தம்பி, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இங்கே ஊத்தங்கரைப் பக்கம் ஸ்ப்ளைசிங் (ஃபைபர் ஒட்டும் வேலை) தெரிந்த ஆள் எப்போதும் வேண்டும். தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

பென்னாகரம் விவசாயி | செவ்வாய், இரவு 8.45

எங்கள் பக்கம் கோட்டூர் மலைக்கு ஓட்டுப்பெட்டியையே கழுதைமேல் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். அங்கே ஃபைபர் எப்போது வரும் என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எதிர் மலையில் நின்றால் அந்த ஊர் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்தால் ரேடியோ போகும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அரசு ஏன் அதற்குப் பணம் கொடுக்கக் கூடாது?

பாலக்கோடு டவர் | செவ்வாய், இரவு 10.30

பென்னாகரம் அண்ணா, மூன்று நாளாகப் பேசியதில் உங்கள் கேள்விதான் என்னை நேராக இடத்துக்குக் கொண்டுவந்தது.

எனக்கு மானியம் கொடுங்கள் என்று கேட்கப் போவதில்லை. பஞ்சாயத்துப் பெட்டியைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கப் போகிறேன். அங்கே ஒரு ஜிபிபிஎஸ் சும்மா கிடக்கிறது. நான் தருமபுரியிலிருந்து மூன்று மலை தாண்டி இழுத்துவரும் லைனுக்குப் பதிலாக, அந்தப் பெட்டியிலிருந்து 200 எம்பிபிஎஸ் மொத்த விலைக்குக் கொடுத்தால் போதும். விலையை எல்லாருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டட்டும். பெரிய கம்பெனிக்கும் அதே விலை, எனக்கும் அதே விலை. எனக்கு மலை தாண்டும் இரண்டு ரேடியோ இணைப்பும் அவற்றின் பேட்டரியும் மிச்சம். அந்த மிச்சத்தில் 217 வீட்டையும் இப்போதைய 600 ரூபாயிலேயே, ஊர் நடு வசூல் இல்லாமலே நடத்த முடியும். நேற்று இரவு முழுவதும் இந்தக் கணக்கைத்தான் போட்டேன், நிற்கிறது.

பதிலுக்கு நான் கொடுப்பதும் உண்டு. பெட்டிக்கு யுபிஎஸ் வைத்து, 24 மணி நேரமும் எரிய வைப்பது என் பொறுப்பு. பள்ளி, ரேஷன் கடை, துணை சுகாதார நிலையத்துக்கு இணைப்பு இலவசம். பூட்டிய அலுவலகத்துப் பெட்டிக்கு ஊருக்குள்ளேயே ஒரு பொறுப்பாளர் கிடைப்பார்.

வீட்டு இணைப்புக்கு மானியம் கொடுத்தே தீருவோம் என்றால், ஃபைபர் போகாத குக்கிராமத்துக்கு ரேடியோவிலும் கொடுக்கட்டும். வீட்டுக்கு இணையம் வந்துசேர்ந்ததா என்று பார்த்துப் பணம் கொடுக்கட்டும், அது எந்த வழியில் வந்தது என்று பார்க்க வேண்டாம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தருமபுரி கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறேன். மனுவோடு ஒரு பட்டியலும் வைக்கிறேன்: குக்கிராமம் பெயர், வீடுகள் எண்ணிக்கை, இன்று எந்த வழியில் இணையம், பஞ்சாயத்துப் பெட்டி எரிகிறதா இல்லையா. கணக்கெடுப்பில் நம் பெயரை நாமே எழுதுவோம்.

மலைக்காற்று | புதன், காலை 6.40

கிருஷ்ணகிரிக்கும் தனியாக ஒரு மனு எழுதுங்கள், நான் கொண்டுபோகிறேன். அக்டோபர் 2 கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர முடியும், எங்கள் ஊர்ப் பெண்கள் குழு தயாராக இருக்கிறது. தீர்மான நகல் இருந்தால் அதிகாரிகள் எளிதில் தள்ளிவைக்க முடியாது.

ஊத்தங்கரை கேபிள் | புதன், காலை 9.10

மனுவில் மின்கம்ப வாடகையையும் சேர்க்கவும். பெட்டி திறந்தாலும், கம்பத்தில் வயர் கட்ட அனுமதி கேட்டு அலைவதிலேயே ஒரு வருடம் போய்விடும்.

ஓசூர் வாசி | புதன், காலை 9.50

பட்டியலுக்கு ஒரு ஆன்லைன் படிவம் நான் செய்து தருகிறேன். போனிலிருந்தே நிரப்பலாம், பெட்டியின் படமும் இடமும் அதிலேயே ஏறிவிடும். சிக்னல் இல்லாத இடத்தில் நிரப்பி வைத்துக்கொண்டு, பிறகு அனுப்புகிற மாதிரி செய்கிறேன்.

பாலக்கோடு டவர் | புதன், மதியம் 2.15

ரொம்ப நன்றி சார். கம்ப வாடகையும் சேர்த்துவிட்டேன், கிருஷ்ணகிரி மனுவை இன்று இரவு டீச்சருக்கு அனுப்புகிறேன். திங்கள் காலை 9.30-க்குக் கலெக்டர் அலுவலக வாசலில் இருப்பேன். வருகிறவர்கள் லைசென்ஸ் நகல் ஒன்றும், உங்கள் பஞ்சாயத்துப் பெட்டியின் படம் ஒன்றும் கொண்டுவாருங்கள். படத்தில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். காலை ஒன்று, அலுவலகம் பூட்டியபிறகு ஜன்னல் வழியாக ஒன்று எடுத்தால் நல்லது.